கியூ அக்கா

எங்கேயாவது நாலு பேர் ஒருவர் பின்னால் ஒருவராக நிற்பது கண்ணில் பட்டால் போதும், அக்கா ஐந்தாவதாகப் போய் நின்றுகொள்வார். எதற்கு நிற்கிறார்கள் என்று விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான். விசாரித்துவிட்டு வந்து நிற்பதற்குள் இன்னும் ஆறு பேர் முந்திவிடுவார்களே என்பார்.

புக்கிட் பாஞ்சாங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த புளோக்கில், பதினோராவது மாடியின் கோடியில் இரண்டு வீடுகள். ஒன்று எங்களுடையது, மற்றது அவருடையது. அப்போது அவருக்கு அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று வயது இருக்கும். குள்ளமான உருவம். சுடிதார், அதற்குக் கீழே ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற மாதிரி காலணி, முதுகில் ஒரு பை. பைக்குள் மடக்குக் குடை, தண்ணீர் பாட்டில், ஒரு பொட்டலம் வறுத்த கடலை. எந்த நேரத்தில் எந்த வரிசை வாய்க்கும் என்று சொல்ல முடியாது என்பதால், தபால் பெட்டியைத் திறக்கக் கீழே இறங்கினாலும் அந்தப் பையோடுதான் இறங்குவார். நேரில் அவரை அக்கா என்று கூப்பிடுவோம். கதவைச் சாத்திக்கொண்ட பிறகு நானும் என் மனைவியும் வைத்திருந்த பெயர் கியூ அக்கா.

கணவர் செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து வெகு நாளைக்கு முன்பே காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. அக்கா ஒரு பலதுறை மருந்தகத்தில், நோயாளிகளின் பெயரைப் பதிகிற முகப்பில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் மின்தூக்கிக்காகக் காத்திருந்தபோது, ஏன் இப்படிக் கண்ட வரிசையிலெல்லாம் போய் நிற்கிறீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

"முப்பது வருஷமா கியூவோட மூஞ்சியத்தான் தம்பி பார்த்துக்கிட்டு இருந்தேன். இருமிக்கிட்டு, சிடுசிடுன்னு, என் நம்பர் எப்ப வரும்னு கேட்டுக்கிட்டு. முதுகுப் பக்கம் எப்படி இருக்கும்னு பார்க்க எனக்கும் ஆசை இருக்காதா?"

முதுகுப் பக்கம் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிருந்தது. ஒருமுறை ஏதோ காண்டோ என்கிற சொகுசு அடுக்குமாடி வீடுகள் விற்பனைக்கு வந்த நாளில் அந்த வரிசையில் நின்று உள்ளே போய்விட்டார். கோப்பியும் கேக்கும் கொடுத்து, மூன்று அறை வீட்டின் மாதிரியைச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். அக்கா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அடுப்படி சின்னதாக இருக்கிறது, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் வரை அந்த முகவர் அவரைக் கைத்தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அக்காவும் ஒவ்வொரு முறையும் எடுத்துப் பேசினார்.

இன்னொரு முறை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு சீனக் குடும்பத்தின் துக்க நிகழ்ச்சி. மேசைகளில் கடலையும் பொட்டலப் பானமும் இருந்ததைப் பார்த்து, ஏதோ விருந்து என்று நினைத்து வரிசையில் சேர்ந்திருக்கிறார். தன் முறை வந்தபோது முன்னால் ஒரு பெரியவரின் படமும், தன் கையில் யாரோ கொடுத்த ஊதுவத்தியும் இருந்தன. பாதியில் திரும்புவது அவர் வழக்கத்தில் இல்லை. முன்னால் போனவர் செய்த மாதிரியே மூன்று முறை குனிந்து வணங்கினார். படத்தில் இருந்தவர் தன்னிடம் வருடக்கணக்காகச் சர்க்கரை நோய்க்குப் பெயர் பதிந்தவர் என்பது அப்போதுதான் தெரிந்திருக்கிறது. அழுதுவிட்டார். அந்த வீட்டுக்காரர்கள் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மறுநாளும் போனார்.

எனக்கு நேர் எதிர் சுபாவம். திருச்சியில் ரேஷன் கடையில் நிற்கப் பயந்தே வளர்ந்தவன் நான். வரிசையைக் கண்டால் அந்தச் சாமானே வேண்டாம் என்று திரும்பிவிடுவேன்.

இரண்டாயிரத்து இருபது பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, கிருமித்தொற்று எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது. அலுவலகம் விட்டு வரும் வழியில் பேரங்காடிக்குள் எட்டிப் பார்த்தேன். அரிசி இருந்த இடத்தில் அலமாரியின் வெள்ளைத் தகரம் தெரிந்தது. மேகி வகையறா எதுவும் இல்லை. பணம் கட்டுகிற வரிசை உறைந்த மீன் பெட்டிகளைச் சுற்றி, பால் பகுதியைச் சுற்றி, வாசலுக்கே திரும்பி வந்திருந்தது. வழக்கம்போல வீட்டுக்கு நடந்தேன். மின்தூக்கிக்கு முன்னால் இரண்டு பெரிய கழிப்பறைக் காகிதக் கட்டுகள் நின்றிருந்தன. கிட்டே போனபோதுதான் அவற்றுக்கு நடுவில் அக்கா இருப்பது தெரிந்தது. முகம் தேர் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி பூரித்திருந்தது. ரெண்டரை மணி நேரமாம். அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு நீளமான வரிசையைப் பார்த்ததில்லையாம்.

நாமெல்லாம் தண்ணீர்தானே அக்கா ஊற்றுகிறோம் என்றேன்.

"தெரியும் லா," என்றார். "அவ்ளோ நேரம் நின்னுட்டு வெறுங்கையோட வந்தா நல்லாவா இருக்கும்?"

ஒரு கட்டை எங்களிடம் தள்ளிவிட்டார். இரண்டு வருடம் கழித்து நாங்கள் பொங்கோலுக்கு வீடு மாறியபோதும் அதில் பாதி மிச்சம் இருந்தது.

அக்காவுக்குச் சமைக்க வராது. மூன்று வேளையும் கீழே கோப்பிக் கடையில்தான். அவர் வீட்டு அடுப்பின் மேல் தகர டப்பாக்கள் அடுக்கியிருக்கும். "எனக்கு சமைக்கத் தெரியாது, வாங்கத் தெரியும்" என்று கூச்சமே இல்லாமல் சொல்வார். ஆகவே வரிசையில் நின்று வாங்கியதெல்லாம் மாடியில் இருந்த எட்டு வீடுகளுக்கும் போய்ச் சேரும். மார்ச் மாதம் மலேசியா எல்லையை மூடப்போகிறது என்றதும் மறுபடியும் கடைகள் காலியாயின. அந்த வாரம் எங்கள் மாடியில் முட்டை இல்லாத வீடு இல்லை.

என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். முதல் பிள்ளை. மாமியார் திருச்சியிலிருந்து மார்ச் கடைசியில் வந்து மூன்று மாதம் கூட இருப்பதாக ஏற்பாடு. பெட்டி கட்டி முடித்த பிறகு விமானங்கள் நின்றுபோயின. மாமியார் இரண்டு நாள் அழுதார். மூன்றாம் நாள் மூக்கைச் சிந்திவிட்டு, வரமுடியாவிட்டால் என்ன, தொலைபேசியிலேயே பிரசவம் பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டார். காணொலியில் என்னைக் கூப்பிட்டு, எழுதிக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை என்று ஒரு பட்டியல் சொன்னார். சுக்கு, ஓமம், அரிசித் திப்பிலி, பனங்கருப்பட்டி, நல்லெண்ணெய், நாட்டுப் பூண்டு. பிள்ளை பிறந்ததும் தாய்ப்பால் ஊற பால் சுறா.

நான் அந்தப் பட்டியலோடு மூன்று கடை ஏறி இறங்கி, மூன்றிலும் வரிசையைப் பார்த்துவிட்டு, ஓமத்தோடு மட்டும் திரும்பி வந்தேன். கதவைத் திறந்துகொண்டிருந்தபோது அக்கா பட்டியலை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் படித்தார்.

"திப்பிலிங்கறது மீனா, காயா?" என்று கேட்டார்.

எனக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அக்கா பட்டியலைப் பைக்குள் வைத்துக்கொண்டு டவுன்டவுன் ரயிலில் ஏறி லிட்டில் இந்தியாவில் இறங்கினார். நாட்டு மருந்துக் கடை வரிசையில் முன்னால் நின்ற அம்மா திப்பிலி என்றால் என்ன என்று விளக்கியிருக்கிறார். பின்னால் நின்றவர் ஜாலான் புசார் பக்கம் ஒரு மளிகைக் கடையில் நல்லெண்ணெய் இன்னும் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். நல்லெண்ணெய் வரிசையில் கருப்பட்டி பற்றித் தகவல் கிடைத்திருக்கிறது. அப்படியே ஒன்றிலிருந்து ஒன்றாக மாலை வரை போய்க்கொண்டிருந்து, பட்டியல் மொத்தத்தையும் முடித்துக்கொண்டு வந்தார். காணொலியில் மாமியாருக்கு ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினோம். திப்பிலியைப் பார்த்ததும் மாமியார் முகம் சுருங்கியது. இது யானைத் திப்பிலி, நான் சொன்னது அரிசித் திப்பிலி என்றார். எனக்கு உயிரே போனது. அக்காவோ, அப்படியானால் நாளைக்கும் போகவேண்டும் என்று சொன்னபோது சந்தோஷத்தை மறைக்கச் சிரமப்பட்டார்.

ஏப்ரலில் சர்க்யூட் பிரேக்கர் என்ற ஊரடங்கு தொடங்கியது. யாரும் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. சாமான் வாங்க மட்டும் வெளியே போகலாம். கடைகளில் நிற்கிற இடத்துக்குத் தரையில் அடையாளம் ஒட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அக்கா, இப்போதுதான் வரிசைக்கு மரியாதை வந்திருக்கிறது என்றார். சில சந்தைகளில் அடையாள அட்டையின் கடைசி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து, தேதிக்கு ஏற்ப உள்ளே விட்டார்கள். தன்னுடையது ஒற்றை எண் என்பதால் இரட்டைத் தேதிகளில் எங்கே போகலாம் என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்ப்பெட்டியில் ஒட்டிக்கொண்டார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே நடைவழித் தரையில் சிவப்புப் பட்டை ஒன்றையும் ஒட்டினார். தையல்காரர் நாடாவை வைத்து முழங்காலிட்டு அளந்து ஒட்டியதை நான் கம்பிக் கதவுக்குள்ளிருந்து பார்த்தேன். சாமானை எங்கள் வாசல் நாற்காலியில் வைப்பார், பட்டைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வார், பிறகுதான் கூப்பிடுவார். ஒருநாளும் மாறியதில்லை.

ஏப்ரல் நடுவில் மகள் பிறந்தாள். மருத்துவமனையிலிருந்து வந்த முதல் வாரம் என் மனைவி சிரிக்கவே இல்லை. பிள்ளை அழும், அவளும் அழுவாள், காணொலியில் அவள் அம்மாவும் அழுவார். நான் மூன்று பேருக்கும் நடுவில் துண்டை வைத்துக்கொண்டு நிற்பேன். பால் போதவில்லை. ஊரே பூட்டிக் கிடக்கிற மாதிரி இருந்தது.

அப்படி ஒரு மாலையில் அக்கா வாசலில் வந்து கூப்பிட்டார். நாற்காலியில் ஆறு பிளாஸ்டிக் குவளைகள். பபிள் டீ. மறுநாளிலிருந்து அந்தக் கடைகளையும் மூடப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்து, ஊரில் இருக்கிற இளவட்டம் முழுவதும் கடை வாசல்களில் திரண்டிருக்கிறது. அக்கா அந்த வரிசையைப் பார்த்துவிட்டு விடுவாரா? அதற்கு முன் பபிள் டீயைக் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. முன்னால் நின்ற பெண் என்ன சொன்னாளோ அதையே தானும் சொல்லி ஆறு வாங்கி வந்திருக்கிறார்.

"பார்த்துக் குடிங்க மா. அடியில ஜவ்வரிசி கெடக்கு. கெட்டுப்போயிடுச்சு போல, கறுப்பா இருக்கு."

என் மனைவி ஒரு வாய் உறிஞ்சினாள். அக்கா பட்டைக்கு அந்தப் பக்கம் நின்று, தானும் உறிஞ்சினார். ஒரு ஜவ்வரிசி விர்ரென்று தொண்டைக்குள் போக, அவர் கண்கள் விரிந்த விரிப்பைப் பார்த்து என் மனைவிக்குச் சிரிப்பு பீறிட்டது. நிறுத்த முடியவில்லை. தையல் வலிக்கிறது, சிரிப்பு மூட்டாதீர்கள் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அக்கா ஒன்றும் செய்யாமலே நின்றிருந்தார், அதுவே அவளுக்கு இன்னும் சிரிப்பாக இருந்தது. பிள்ளை பிறந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிள்ளையை அக்கா பக்கத்தில் பார்த்ததே இல்லை. நாங்கள் கதவுக்குள்ளிருந்து தூக்கிக் காட்டுவோம், அவர் பட்டைக்கு அப்பாலிருந்து கையசைப்பார். ஒரு படம் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

மே மாதம் ஒரு காலையில் நாற்காலியில் சாமான் இல்லை. அக்கா தன் வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து பேசினார். கிட்டே வராதீர்கள் தம்பி என்றார். சந்தையில் அவருக்கு முன்னால் நின்ற ஒருவருக்குத் தொற்று உறுதியாகிவிட்டதாம். பதினான்கு நாள் வெளியே வரக் கூடாது என்று உத்தரவு வந்திருக்கிறதாம்.

ஒரு மாதப் பிள்ளை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. அவர் வைத்துவிட்டுப் போன பைகளை நேற்று வரை இந்தக் கையால்தான் எடுத்திருந்தேன்.

"உங்களை யார் எல்லா கியூவிலும் போய் நிக்கச் சொன்னது?" என்று கத்தினேன்.

அக்கா ஜன்னலை மெதுவாகச் சாத்தினார். சரியாக மூடவில்லை, ஒரு விரற்கடை திறந்தே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் தொலைபேசி ஒலித்தது. அவர் எப்போதும் ஒலிபெருக்கியில்தான் பேசுவார். யார் யாரோடு தொடர்பு இருந்தது என்று கண்டுபிடிக்கிற அதிகாரி, ஓர் இளம்பெண். கடந்த நாட்களில் எங்கெங்கே போனீர்கள், நினைவிருப்பதைச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் பொறுமையாகக் கேட்டார். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். செவ்வாய்க்கிழமை, பேரங்காடி, காலை ஒன்பதே முக்கால். முன்னால் நீலத் தொப்பி போட்ட சீனர், கூடையில் இரண்டு முட்டைக்கோஸ், ஒரு மீன் டப்பா. பின்னால் மலாய்ப் பெண்மணி, மகளுக்குப் பாடம் வீட்டில் நடக்கிறது, கணினி பழுது. புதன்கிழமை, மருந்துக் கடை, முன்னால் யாருமில்லை, பின்னால் ஒரு வங்காளத் தம்பி, கையில் காயம், ஊரில் மனைவிக்கு இது ஆறாம் மாதம். முப்பது வருடம் பெயரையும் முகத்தையும் பொருத்திப் பதிந்த பழக்கம், பதினான்கு நாளும் வரிசை வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தது. தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது, கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் என்று அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டார். மூன்றாம் தடவை, சற்று இருங்கள் என்று சொல்லிவிட்டு இன்னொரு அதிகாரியையும் இணைப்பில் சேர்த்துக்கொண்டார்.

கோபத்தை மறந்து நான் கம்பிக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தப் பெண், எல்லா இடத்திலும் இடைவெளி விட்டுத்தான் நின்றீர்களா என்று கேட்டார்.

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார். ஒரே ஒரு தடவை தவறிவிட்டேன். மீன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற, தொற்று வந்த அந்த அங்கிளிடம் கைத்தொலைபேசியில் ஒரு படம் காட்டினேன். அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, நெருங்கி நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

என்ன படம் என்று அதிகாரி கேட்கவேயில்லை. அக்காவாகவே சொன்னார். பக்கத்து வீட்டுப் பிள்ளை, புதுசாகப் பிறந்தது, நிறைய முடி.

நான் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் கத்தியதையும் சேர்த்து. அவள் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, அக்கா சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள் என்று மட்டும் கேட்டாள்.

மாலையில் அதே அதிகாரி எனக்கும் பேசினார். அக்காவோடு எவ்வளவு தூரத்தில் நின்று பேசினேன் என்று கேட்டார். நான் அளவு நாடா ஒன்றை எடுத்துப் போய் எங்கள் கதவிலிருந்து சிவப்புப் பட்டை வரை அளந்தேன். விதிப்படி ஒரு மீட்டர் போதும். அது ஒன்றே முக்கால் மீட்டருக்கு மேலேயே இருந்தது. எங்களுக்கு உத்தரவு எதுவும் இல்லை, காய்ச்சல் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அடுத்த பத்து நாளும் மணிக்கொரு தரம் வெப்பமானி வைத்துப் பார்த்தோம். பிள்ளைக்கு எரிச்சல் வந்ததைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

அன்றிலிருந்து அக்காவின் வாசலில் சாப்பாட்டை மாட்டிவிட்டு மணியடிப்பது என் வேலை. மன்னிப்பு என்று நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. முதல் நாள் பையில் சுறாப்புட்டு வைத்தோம். தேக்கா சந்தையில் வாரா வாரம் நின்று அக்காவே வாங்கி வந்த சுறாவின் கடைசித் துண்டு அது. அதை அவர் சாப்பிட்டுப் பார்த்ததே கிடையாது. அரை மணி கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"இதுக்குத்தான் அவ்ளோ நேரம் நின்னேனா? பரவால்ல தம்பி. நின்னது தகும்."

அவர் வீட்டில்தான் இருக்கிறாரா என்று சரிபார்க்க ஒரு நாளில் மூன்று முறை அதிகாரிகள் காணொலியில் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போதெல்லாம், எனக்கு முன்னால் இன்றைக்கு எத்தனை பேரைக் கூப்பிட்டீர்கள், பின்னால் எத்தனை பேர் என்று அக்கா கேட்பார். நாலாம் நாளிலிருந்து அவர்கள் கேட்காமலே சொன்னார்கள்.

இரண்டாம் வாரம் பிள்ளையை எடை பார்க்கக் கொண்டுபோனோம். ஏற வேண்டிய அளவு ஏறவில்லை, இன்னும் பத்து நாளில் மறுபடி வாருங்கள் என்றார் தாதி. மாமியார் விஷயம் கேட்டதும், பால் சுறா எங்கே என்றார். அக்கா உள்ளே இருந்தார். நான்தான் போகவேண்டும். அக்காவின் ஜன்னலில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தேக்கா சந்தையின் வரிசை கட்டடத்தைச் சுற்றித் தெருவுக்கு வந்திருந்தது. நான் சாலையின் எதிர்ப்பக்கத்தில் நின்று அதைப் பார்த்தேன். கால்கள் தாமாகவே ரயில் நிலையத்தின் பக்கம் திரும்பின. சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது.

"திரும்பிப் போயிடாதீங்க," என்றார் அக்கா. "வால் எங்க இருக்குன்னு பாருங்க. அங்க போய் நில்லுங்க."

போய் நின்றேன். முன்னால் யார் என்று கேட்டார். ஒரு முதுகு என்றேன். என்ன முதுகு, எந்த ஊர் முதுகு, என்ன வாங்க வந்திருக்கிறது என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றார். நான் மெல்ல மாட்டேன் என்றேன். பதினோரு நாளாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன் தம்பி என்றார். அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. கைத்தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக வரிசையில் முன்னால் நிற்பவரைக் கூப்பிட்டேன்.

வெள்ளைத் தொப்பி அணிந்த பெரியவர். பக்கத்துத் தெருவில் துணிக்கடை வைத்திருக்கிற தமிழ் முஸ்லிம். பெருநாளைக்கு ஆட்டிறைச்சி வாங்க வந்திருந்தார். நான் தயங்கித் தயங்கிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த தொலைபேசி, எலும்போடவா தனிக்கறியா என்று கேட்டது. பெரியவர் திரும்பி அதை உற்றுப் பார்த்தார்.

"இது கடலை குடுக்கிற அக்கா குரலாச்சே," என்றார். "என்னம்மா, ஆளையே காணோம்?"

அக்கா விவரம் சொன்னார். பெரியவர் தனக்கு முன்னால் நின்ற சீனப் பெண்மணியிடம் மலாயில் சொன்னார். அந்தப் பெண்மணிக்கும் அக்காவைத் தெரிந்திருந்தது. அவர் தனக்கு முன்னால் இருந்தவரிடம் சொன்னார். என் கண்ணெதிரே செய்தி ஒரு மீட்டர் ஒரு மீட்டராகத் தாவிக் கட்டட மூலையில் திரும்பி மறைந்தது. சற்றைக்கெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து பதில்கள் வரத் தொடங்கின. முட்டை வாங்குகிற பெண் விசாரித்தாளாம். கறிவேப்பிலைக்காரர் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாராம். பின்னால் நின்ற இரண்டு பேர், முன்னால் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று என்னிடம் கேட்டார்கள். ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. நான் எல்லோருக்கும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். முகக்கவசத்துக்குள் சிரித்துச் சிரித்து என் மூக்குக் கண்ணாடி பனி பிடித்துவிட்டது.

மீன்காரருக்கும் செய்தி எட்டியிருந்தது. பால் சுறா என்றதும் உள்ளே போய் ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார். போன வாரமும் அக்காவுக்கென்று எடுத்து வைத்தாராம், வராததால் வீட்டில் குழம்பு வைத்துவிட்டாராம். பிள்ளைக்கு எடை ஏறவில்லையாமே என்று என்னிடம் கேட்டார். அந்தச் சந்தையில் அதுவும் தெரியாதவர்கள் இல்லை.

அடுத்த முறை தாதி எடை பார்த்துவிட்டு, நன்றாக ஏறியிருக்கிறது என்றார். சுறாவாலா, என் மனைவி மறுபடி சிரிக்கத் தொடங்கியதாலா, தானாகவேயா, தெரியாது. திருச்சியில் அது சுறாவால்தான் என்று முடிவாகிவிட்டது.

அக்காவுக்குக் காய்ச்சல் வரவில்லை. பதினான்கு நாளும் முடிந்து வெளியே வந்தார். வந்த அன்றே பட்டைக்கு அந்தப் பக்கம் நின்று கையசைத்தார். நான் கத்தியதைப் பற்றி அவர் ஒருபோதும் பேசவில்லை. ஒருநாள் நானே தொடங்கினேன். அவர் குறுக்கே புகுந்து, உருளைக்கிழங்கு வேண்டுமா என்று கேட்டார். உள்ளே வாருங்கள் அக்கா, யாருக்குத் தெரியப்போகிறது என்று என் மனைவி பல நாள் கூப்பிட்டாள். இன்னும் அனுமதி இல்லை மா என்பார்.

ஜூன் மாதம் பாதி கழிந்து, இன்னின்ன தேதியிலிருந்து வீட்டுக்கு விருந்தாளிகள் வரலாம், ஐந்து பேர் வரைக்கும் என்று அறிவித்தார்கள். அந்த நாள் காலை, ஏழு மணிகூட ஆகவில்லை, வாசல் மணி அடித்தது. நான் லுங்கியோடு போய்த் திறந்தேன். அக்கா நின்றிருந்தார். முதுகில் பை இல்லை. அரக்கு நிறப் பட்டுச் சேலை, தலையில் பூ, புது முகக்கவசம். தலைமுடி ஈரமாக இருந்தது. பட்டையைத் தாண்டி எங்கள் கதவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றார். அவ்வளவு பக்கத்தில் அவரைப் பார்த்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"அஞ்சு பேருதான் அலவ்டுன்னு சொன்னாங்க," என்றார். "லேட்டா வந்தா இடம் இருக்காதுன்னு சீக்கிரமே வந்துட்டேன்."

எங்களைப் பார்க்க வருவதற்கு இந்த ஊரில் வேறு யாருமே இல்லை என்பதை நான் சொல்லவில்லை. என் மனைவியும் சொல்லவில்லை. பிள்ளையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.